தெளிவாகப் பேசுகிறவருக்கு எப்போது ஊற்றுவதை நிறுத்துவது?

ஓசூரில் ஓட்டலோடு சேர்ந்த ஒரு பாரில் புதிதாக ஸ்டீவார்டு வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டேபிளில் உட்கார்ந்திருக்கும் வரை எல்லோரும் தெளிவாகத்தான் பேசுகிறார்கள். பில் கட்டி எழுந்து பார்க்கிங் போவதற்குள் தள்ளாடுகிறார்கள். வெளிக்காற்று பட்டதும் ஏறிவிடும் என்கிறார் கேப்டன். எந்த அறிகுறியைப் பார்த்து நிறுத்துவது? பீருக்கும் கணக்கு உண்டா? தகராறு இல்லாமல் எப்படிச் சொல்வது?"

அறிகுறியைப் பார்த்து நிறுத்த நினைத்தால் எப்போதும் ஒரு ரவுண்டு தாமதமாகத்தான் நிறுத்துவீர்கள். நீங்கள் கணக்கு வைக்க வேண்டியது இரண்டு: இதுவரை எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு நேரத்தில் ஊற்றினோம். முகமும் நடையும் அந்தக் கணக்கைச் சரிபார்க்க மட்டும்.

காற்றுக்கும் போதைக்கும் சம்பந்தம் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் சமநிலைக்குச் சோதனையே கிடையாது. எழுந்து பத்தடி நடக்கும்போதுதான் சிறுமூளைக்கு வேலை வருகிறது. ஆல்கஹால் முதலில் குழப்பும் இடங்களில் அதுவும் ஒன்று. ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருப்பதால், சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலையும் சுற்றும். இத்தனைக்கும் மேலே, பில் வந்த அவசரத்தில் ஒரே மூச்சில் குடித்த கடைசி லார்ஜ் இன்னும் ரத்தத்தில் முழுதாகச் சேர்ந்திருக்காது. வெறும் வயிற்றில் குடித்தால் உச்சம் வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு என்றால் இன்னும் தள்ளிப்போகும். ஓசூரில் எழுந்து வண்டியெடுத்தவருக்கு உச்சம் சூளகிரி தாண்டும்போது வரலாம். உங்கள் டேபிளில் தெரிந்த தெளிவு அங்கே இருக்காது.

இப்போது அளவு. நம் மாநிலத்தில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். ஆல்கஹாலின் எடை மில்லிக்கு 0.789 கிராம். ஆகவே 60 மி.லி. லார்ஜ் ஒன்றில் சுமார் 20 கிராம் ஆல்கஹால், ஸ்மாலில் 10. குவார்ட்டரை இரண்டாகப் பிரித்த கட்டிங்கில் 30, முழுக் குவார்ட்டரில் 61. பீருக்குக் கணக்கு உண்டா என்று கேட்டீர்கள். அங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். 650 மி.லி. பாட்டிலில் 5 சதவீத பீர் என்றால் 26 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம், அதாவது இரண்டு லார்ஜ். "பீர்தானே சாப்பிட்டேன், அதுவும் ரெண்டே ரெண்டு" என்று சாவியைச் சுழற்றுகிறவர் நாலு லார்ஜ் குடித்தவர். பாட்டில் லேபிளில் சதவீதம் அச்சாகியிருக்கும். உங்கள் பாரில் இருக்கும் பீர் ஒவ்வொன்றுக்கும் கிராம் கணக்கைப் போட்டு ஒரு அட்டையில் எழுதி கவுன்ட்டருக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். சூத்திரம் எளிது: மில்லி × சதவீதம் ÷ 100 × 0.789.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் ஊற்றுவது அளவாக இருக்க வேண்டும். முத்திரை போட்ட பெக் மெஷரில் ஊற்றுங்கள். கண் மதிப்பில் ஊற்றினால் 60 என்பது எளிதில் 75 ஆகும், அப்போது நாலு லார்ஜ் என்று பில்லில் இருப்பது உள்ளே ஐந்து. டிப்ஸுக்காக "அண்ணனுக்குக் கொஞ்சம் தாராளமா" என்று ஊற்றும் பழக்கம் கடைக்கும் நஷ்டம், அவருக்கும் கேடு. பழைய கிளாஸில் பாதி இருக்கும்போதே மேலே ஊற்றுவதும் வேண்டாம். ஒரு கிளாஸ் முடிந்து அடுத்தது போனால்தான் எண்ணிக்கை தப்பாது.

உள்ளே போனது என்ன ஆகிறது? ஆல்கஹால் செரிக்க வேண்டிய பொருள் அல்ல. ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலேயே ரத்தத்தில் கலக்கும், மீதி சிறுகுடலில் வேகமாக உறிஞ்சப்படும். எனவே இரைப்பையின் கீழ்வாசல் எப்போது திறக்கிறது என்பதுதான் விஷயம். வயிற்றில் முட்டை, கறி, பருப்பு, எண்ணெய்ப் பதம் இருந்தால் அது மெதுவாகத் திறக்கும், உச்சமும் குறையும். வெறும் வயிறு, சோடா கலந்த மிக்ஸிங், 'ரா'வாக ஒரே மடக்கு என்றால் வேகம் கூடும். சைடிஷ் விஷயத்தில் ஒரு நுணுக்கம்: உப்பும் காரமும் தூக்கலான மசாலா கடலை, சிப்ஸ் வகை தாகத்தைக் கிளப்பும், அந்தத் தாகத்துக்கு அவர் குடிக்கப்போவது தண்ணீர் அல்ல. ஆம்லெட், வேகவைத்த கடலை, சுண்டல், சிக்கன் என்று முதல் ரவுண்டோடேயே தள்ளிவிடுங்கள். மூன்றாவது ரவுண்டில் வரும் பிரியாணி ஏற்கெனவே ரத்தத்தில் கலந்ததைத் திரும்ப எடுக்காது.

வெளியேற்றும் வேலையில் 90 சதவீதத்துக்கு மேல் கல்லீரலுடையது. அங்குள்ள நொதி ஆல்கஹாலை அசெட்டால்டிஹைடாக மாற்றும், இன்னொரு நொதி அதை அசெட்டேட்டாக மாற்றும். நடுவில் வரும் அசெட்டால்டிஹைடு நச்சுப் பொருள். மதுவால் வரும் புற்றுநோய்களுக்கு அது முக்கியக் காரணம். இந்த வேலை கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் நடக்கும். டோல்கேட்டில் ஒரே கவுன்ட்டர் திறந்திருப்பது போல. பின்னால் எத்தனை லாரி நின்றாலும், எவ்வளவு ஹாரன் அடித்தாலும், அது தன் வேகத்தில்தான் அனுப்பும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 6 முதல் 7 கிராம். ஒரு லார்ஜுக்குச் சுமார் மூன்று மணி நேரம். கட்டங்காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, ஊறுகாய், தலையில் தண்ணீர் — எதுவும் அந்தக் கவுன்ட்டரை வேகப்படுத்தாது. காப்பி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். தூக்கத்தில் இருந்த குடிகாரர் விழித்திருக்கும் குடிகாரராகி வண்டியில் ஏறுவார்.

ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்பதற்கும் தோராயக் கணக்கு உண்டு. குடித்த கிராமை, உடல் எடையோடு ஆண்களுக்கு 0.68, பெண்களுக்கு 0.55 பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அதை நூறால் பெருக்கினால், 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது கிட்டத்தட்ட வரும். கடந்துபோன ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 15 கழிக்கலாம். 60 கிலோ ஆண் வெறும் வயிற்றில் ஒரு லார்ஜ் குடித்தால் 50-ஐ ஒட்டி வரும். 50 கிலோ பெண் என்றால் அதே ஒரு லார்ஜுக்கு 70-ஐத் தாண்டும். எடையும் குறைவு, பெண்ணுடலில் நீரின் பங்கும் குறைவு என்பதுதான் காரணம், இதில் மனவலிமைக்கு வேலை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி ஓட்டுநருக்கு எல்லை 30 மில்லிகிராம். ஆக நம் ஊர்ச் சராசரி உடம்புக்கு ஒரு லார்ஜே எல்லை தாண்டும் வாய்ப்பு அதிகம். "ஒண்ணு போட்டா பிரச்சனை இல்லை" என்று வாடிக்கையாளருக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுக்கவே கூடாது. மாட்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். திரும்ப மாட்டினால் 2 ஆண்டு வரை, 15,000 ரூபாய் வரை.

இதே கணக்கு மறுநாள் காலைக்கும் பொருந்தும், ஓசூரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இரவு பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்த 60 கிலோ ஆளுக்கு ரத்தம் சுத்தமாகக் காலை எட்டு மணி ஆகும். சிப்காட்டில் அதிகாலை ஷிஃப்டுக்கு பைக்கில் போகிறவர், பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவர், முந்தின இரவு சரக்கோடுதான் வேலையைத் தொடங்குகிறார். அவருக்கு அது 'கொஞ்சம் தலைவலி' என்று மட்டும் தெரியும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கமில்லாமல் வருகிறவர்களுக்கு அளவு ஏறுவது அதேதான், ஆனால் தூக்கக் குறைவும் சேர்வதால் பாதிப்பு இரட்டிப்பாகத் தெரியும். அவர்களுக்கு முதலில் சாப்பாடு.

மூளையில் இது எந்த வரிசையில் வேலை செய்கிறது என்று தெரிந்தால் டேபிளைப் படிப்பது சுலபம். நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்னும் ரசாயனத்தின் பிடியை ஆல்கஹால் கூட்டுகிறது, தூண்டிவிடும் குளுட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. முதலில் மங்குவது தடையுணர்வு. சத்தம் கூடும், அறிமுகமில்லாத பக்கத்து டேபிளோடு பேச்சுக் கொடுப்பார், யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சேர்த்து ஆர்டர் போடுவார், குடிக்கும் வேகம் கூடும். நீங்கள் மெதுவாக்க வேண்டிய இடம் இதுதான். அடுத்து கவனமும் கையும்: தீக்குச்சியைச் சிகரெட்டின் நடுவில் வைப்பார், ரூபாயை இரண்டு முறை எண்ணுவார், சொன்னதையே திரும்பச் சொல்வார். ரத்தத்தில் 100 மில்லிகிராமை ஒட்டிய இந்த நிலையில் மது நின்றிருக்க வேண்டும். நாக்குக் குழறல், தள்ளாட்டம், சட்டென்று வரும் அழுகையோ கோபமோ எல்லாம் அதற்குப் பிறகு. 200-க்கு மேல் வாந்தி, அரைத் தூக்கம். 300, 400 என்று போனால் மூச்சுக்கான கட்டளையே மங்கும்.

தினமும் குடிப்பவர்களிடம் இந்த வரிசை தெரியாது. ஆறு லார்ஜுக்குப் பிறகும் நேராக நடப்பார். அவர் மூளை அதற்குப் பழகிவிட்டது, ஆனால் பிரேக் போடும் நேரமும் இருட்டில் தூரம் மதிக்கும் திறனும் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. 'அவர் தாங்குவார்' என்று பேர் வாங்கியவர்களுக்குத்தான் எண்ணிக்கை கறாராக வேண்டும்.

நடைமுறைக்கு நான் சொல்லும் அளவு இது: ஒரு மணி நேரத்துக்கு ஒரு லார்ஜ் அல்லது அதற்குச் சமமானது, இரண்டாவது முடிந்ததும் கேட்காமலே தண்ணீர் பாட்டிலும் மெனுவும், மூன்றாவதை ஊற்றும் முன் டேபிளுக்கு நேரில் போய் இரண்டு வாக்கியம் பேசிப் பார்ப்பது, நாலாவதற்கு கேப்டன் ஒப்புதல். இது பாதுகாப்பான குடியின் அளவு அல்ல. மணிக்கு ஒன்று என்றாலே கல்லீரல் பின்தங்கிக்கொண்டுதான் இருக்கும். கட்டுப்பாடு கை மீறிப் போகாமல் இருக்கும் அளவு, அவ்வளவே. ஆர்டர் சீட்டில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் நேரத்தை எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும்போது டேபிளின் எண்ணிக்கையையும் வாயால் சொல்லி ஒப்படையுங்கள். ஒன்பது மணிக்கு வரும் புது ஸ்டீவார்டுக்கு எல்லா டேபிளும் 'முதல் ரவுண்டு' போலத் தெரிவதுதான் பல பார்களில் சிக்கல் தொடங்கும் இடம். கடைசி ஆர்டர் நேரத்தில் "இனி கிடைக்காது சார்" என்று அவசரப்படுத்தி இரட்டை ரவுண்டு விற்பதும் அப்படித்தான். லாபம் அங்கே, ஆம்புலன்ஸ் வாசலில்.

மறுப்பது எப்படி? கூட்டத்தின் முன்னால் சொல்லாதீர்கள். மேஜைக்கு எதிரே நின்று சொன்னால் சவால். பக்கவாட்டில் குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னால் தகவல். "உங்களுக்கு ஓவராயிடுச்சு" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது, அது அவர் மானப் பிரச்சனை ஆகிவிடும். "சார், இந்த டேபிளுக்கு இதோட சரக்கு முடிச்சுட்டேன். சூடா முட்டை தோசை சொல்லட்டுமா, இல்ல சாப்பாடா?" — முடிந்துபோன விஷயமாகச் சொல்லி, உடனே வேறொன்றைத் தேர்ந்தெடுக்கக் கொடுங்கள். கெஞ்சினால் காரணம் விளக்க வேண்டாம், விளக்கம் வாதத்துக்கு வாசல். "எங்க ரூல் சார், என் வேலை போயிடும்" என்பது நம் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். கூட்டத்தில் ஒருவராவது குறைவாகக் குடித்திருப்பார், அவரைத் தனியே கூப்பிட்டு "அண்ணா, அவரைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றால் பாதி வேலை முடிந்தது. ஓசூரில் வாடிக்கையாளர் கன்னடமோ தெலுங்கோ பேசுபவராக இருந்தால் அந்த மொழி தெரிந்தவரை அனுப்புங்கள், தன் மொழியில் கேட்கும் மறுப்பு பாதி காரம்தான். சாவியைப் பிடுங்கக் கூடாது. "வண்டி இங்கயே நிக்கட்டும் சார், காலையில எடுத்துக்கலாம், வாட்ச்மேன் இருக்கார்" என்று சொல்லி ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஆட்டோ கண்ணில் பட்டால் மனம் மாறுவது எளிது. தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போகிறேன் என்று இரவில் சொல்பவர், லாரி ஓட்டுநர் என்று தெரிந்தவர் — இவர்களுக்கு முதல் லார்ஜுக்கே யோசிக்க வேண்டும். அந்த இறக்கத்தில் தெளிவாக இருப்பவர்களே தடுமாறுகிறார்கள்.

மட்டையாகிவிட்டால்? 'தூங்கட்டும்' என்று மூலையில் போடுவதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. தூங்கும்போதும் வயிற்றில் மிச்சமிருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள், காது மடலைக் கிள்ளிப் பாருங்கள். கண் திறக்கவில்லை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு வருகிறது, இரண்டு மூச்சுக்கு இடையே பத்து நொடிக்கு மேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம் பாரித்திருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வருகிறது — இதில் ஒன்று இருந்தாலும் 108. வண்டி வரும்வரை மூச்சு இருப்பவரை இடது பக்கமாகப் புரட்டி, மேல்கால் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றி, கன்னத்தின் கீழ் கையை வைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கிடத்துங்கள். மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, மோர் ஊற்றுவது, குளிப்பாட்டுவது மூன்றும் கூடாது. ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எல்லாத் தள்ளாட்டமும் போதை அல்ல. கல்லீரல் ஆல்கஹாலைக் கவனிக்கும்போது சர்க்கரை உற்பத்தியைக் குறைத்துவிடும். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை இறங்கி வியர்த்து, நடுங்கி, உளறுவார். பார்க்க அசல் போதை. ஒன்றிரண்டு லார்ஜிலேயே இப்படி ஆனால், விழுங்கும் நினைவு இருந்தால், சர்க்கரை கரைத்த தண்ணீரோ இனிப்புக் குளிர்பானமோ கொடுத்து 108-ஐ அழையுங்கள். பாத்ரூமில் வழுக்கித் தலை அடிபட்டவர் அரை மணி கழித்து மயங்கினால் அது தலைக்காயம் என்றே எண்ணுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் வீடுகள் உண்டு. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் அது ஆபத்து. அப்படிப்பட்டவர் பாதி ஸ்மாலிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்துச் சாய்வார். 'சரக்கு சேரலை' என்று விடாதீர்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, அலர்ஜி மாத்திரை எடுத்தவருக்கு ஒரு லார்ஜ் இரண்டு மூன்று போல வேலை செய்யும்.

தர்மபுரி வெயிலில் 'பீர் குளிர்ச்சி' என்பார்கள், ஓசூர் மார்கழியில் 'பிராந்தி சூடு' என்பார்கள். இரண்டும் தலைகீழ். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குவதால் குடித்ததைவிட அதிக நீர் வெளியே போகலாம், வெயிலில் அது உடம்பை வற்றச் செய்யும். குளிரில் தோலுக்கு ரத்தம் பாய்வதால் கதகதப்பாகத் தோன்றும், உள்ளே இருக்கும் வெப்பம்தான் அப்படி வெளியேறுகிறது. மட்டையாகி வெளியே திண்ணையில் படுத்தவருக்கு இதுவே ஆபத்து.

சட்டத்தில் சுருக்கமாக மூன்று. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு ஊற்றக் கூடாது. மீசையைப் பார்க்காமல் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ பாருங்கள், இன்றைய தேதியிலிருந்து 21 வருடம் பின்னால் எண்ணுங்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள் போன்ற மது விற்பனை இல்லாத நாட்களின் பட்டியலைக் கவுன்ட்டரில் ஒட்டுங்கள். மூன்றாவது, எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வரும் கர்நாடக மது பாக்கெட்டுக்கு உங்கள் கவுன்ட்டரில் இடமே இல்லை, வாடிக்கையாளர் பையிலிருந்து எடுத்தாலும் டேபிளில் அனுமதிக்காதீர்கள். டாஸ்மாக் வழியாக வந்த, ஹோலோகிராம் உள்ள பாட்டிலை மட்டும் திறக்க வேண்டும். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது அன்றைய சேலம் மாவட்டத்தில். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் அதற்குள் அடக்கம். அதே மண்ணில் 2008 மே மாதம், எல்லையின் இரு பக்கமும் சேர்த்து 150-க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தில் செத்தார்கள். அதில் கொல்வது மெத்தனால். உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும், ஆனால் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரை சாதாரணப் போதை போலவே இருக்கும். நேற்று எங்கோ குடித்தவர் இன்று உங்களிடம் வந்து "கண்ணு மங்குது, வெள்ளையாத் தெரியுது, வயிறு பிசையுது" என்றால் ஒரு சொட்டு ஊற்றாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். டயாலிசிஸும் மாற்று மருந்தும் நேரத்தோடு கிடைத்தால் பார்வையும் உயிரும் பிழைக்கும்.

கடைசியாக, கதவு திறக்கும் முன்னே கை நடுங்கக் காத்திருக்கும் வாடிக்கையாளர் எல்லா பாரிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் "இன்னையோட விட்டுருங்கண்ணா" என்று நல்ல மனதோடு சொல்லிவிடாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், மூன்றாம் நாளை ஒட்டி இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் தெரியும் பிதற்றலும் வரலாம். அந்தக் கடைசி நிலை உயிரை எடுக்கக்கூடியது. மாத்திரையோடும் தையமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் மருத்துவமனையில் இறக்க வேண்டிய பாரம் அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள். தயங்கினால் 14446 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை ஒரு சீட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து மடித்துக் கொடுத்துவிடுங்கள்.